காக்கர் ஸ்பேனியல் வளக்கறவங்களுக்கு: காதுல ஆரம்பிச்சு கிட்னி வரைக்கும் வீட்டுலயே எப்படி கவனிக்கறது

காக்கர் ஸ்பேனியல் வச்சிருக்கீங்களா, அப்போ இத படிக்கறதுக்கு முன்னாடி ஒரு வேலை பண்ணுங்க. அது பக்கத்துல போய் உக்காந்து ஒரு காத மெதுவா தூக்கி உள்ள மோந்து பாருங்க. பெருசா வாடை எதுவும் இல்ல, உள்பக்கம் வெளிர் ரோஸ் கலர்ல காஞ்சு இருக்குன்னா நல்லது. புளிச்ச வாடையோ, ரெண்டு நாள் மூட்டையா கெடந்த ஈரத்துணி வாடையோ வந்துச்சுன்னா உள்ள ஏற்கனவே ஏதோ ஆரம்பிச்சிருச்சுன்னு அர்த்தம், அது இன்னும் தலைய ஆட்ட ஆரம்பிக்கலன்னாலும் சரி.

நான் இத எழுதறதுக்கு காரணம் எங்க வீட்டு டாலி. தங்க கலர் இங்கிலீஷ் காக்கர், இப்போ 9 வயசு முடிஞ்சிருச்சு. இந்த 9 வருஷத்துல நான் கத்துக்கிட்டது ஒண்ணே ஒண்ணுதான், காக்கர் வலிய காட்டாது. வால ஆட்டிக்கிட்டே இருக்கும், சாப்பாட்டுக்கு ஓடி வரும், பந்த தூக்கிட்டு வந்து மடில போடும், நாமளும் நல்லாதான் இருக்குன்னு நினைச்சுட்டு இருப்போம், உள்ளுக்குள்ள காது சீழ் புடிச்சு கெடக்கும். வாயில்லா ஜீவன்னு சொல்றது சும்மா இல்ல. அதனால அது சொல்லும்னு காத்துட்டு இருக்காம வாரம் ஒரு நாள் 10 நிமிஷம் நாமளே கைய வச்சு தலைல இருந்து வால் வரைக்கும் பாத்துடணும். என்னென்ன பாக்கணும், எப்படி பாக்கணும், எதுக்கு வீட்டுலயே வைத்தியம், எதுக்கு உடனே டாக்டர்ங்கறதத்தான் கீழ எழுதிருக்கேன்.

முதல்ல காது, இதுக்குத்தான் நிறைய எழுதப்போறேன்

மத்த எல்லா வியாதியையும் கூட்டினாலும் காக்கர் வளக்கறவங்க டாக்டர்கிட்ட ஓடறது பெரும்பாலும் காதுக்குத்தான். ஏன் இந்த பிரீடுக்கு மட்டும் இவ்ளோன்னா, நாயோட காதுக்குழாய் நம்மளது மாதிரி நேரா இருக்காது, மேல இருந்து நேரா கீழ இறங்கி அப்புறம் எல் ஷேப்ல உள்பக்கமா திரும்பும். இது எல்லா நாய்க்கும் பொது. காக்கருக்கு கூடுதலா, தொங்கற கனமான காது மூடி போட்ட மாதிரி காத்து போகாம அடைச்சுக்குது, உள்ள முடி வளருது, அதோட குழாய்க்குள்ள அழுக்கு சுரக்கற சுரப்பிகளும் இந்த பிரீடுக்கு மத்ததவிட அதிகம். இருட்டு, ஈரம், சூடு, எண்ணெய்ப்பசை நாலும் ஒரே எடத்துல சேந்தா ஈஸ்ட்டுக்கும் பாக்டீரியாவுக்கும் வேற என்ன வேணும். மலசீசியான்னு ஒரு ஈஸ்ட், அது நல்ல நாயோட தோல்லயும் கொஞ்சமா இருக்கறதுதான், ஆனா இந்த மாதிரி எடம் கெடைச்சா கட்டுக்கடங்காம பெருகிடும்.

சுத்தம் பண்ற முறை சொல்றேன். வாக்கிங் முடிஞ்சு அது களைச்சு படுத்திருக்கற நேரமா பாருங்க. நாய்க்குன்னே விக்கற இயர் கிளீனர் வாங்கிக்கோங்க, பஞ்சு எடுத்துக்கோங்க, ஒரு பழைய துண்டு. கிளீனர் பாட்டில ஒரு அஞ்சு நிமிஷம் கைக்குள்ளயே பொத்தி வச்சிருங்க, சில்லுனு உள்ள போனா அடுத்த தடவ பாட்டில பாத்தாலே கட்டிலுக்கு அடியில போய் ஒளிஞ்சுக்கும். காத மேல பாத்து தூக்கி புடிச்சா ஓட்டை நல்லா தெரியும். பாட்டில் நுனி காதுல படாம, படாம இருக்கறது முக்கியம், குழாய் நிறையற அளவுக்கு மருந்த விடுங்க. உடனே காது மடல கீழ விட்டுட்டு காதோட அடிப்பாகத்த, அதாவது தாடை எலும்புக்கு பின்னாடி குழாய் மாதிரி கெட்டியா கைக்கு தட்டுப்படும் பாருங்க அந்த எடத்த, விரலால ஒரு அரை நிமிஷம் மெதுவா பிசைஞ்சு விடுங்க. சளக் சளக்னு சத்தம் வரணும், சத்தம் வந்தாத்தான் மருந்து கீழ வரைக்கும் போயிருக்குன்னு அர்த்தம். அப்புறம் விட்டுடுங்க, அதுவா தலைய உதறும், உள்ள இருக்கற அழுக்கு மேல வந்துடும், அத பஞ்சால உங்க விரல் எவ்ளோ தூரம் போகுதோ அவ்ளோ தூரம் மட்டும் தொடைச்சு எடுங்க. பட்ஸ் வேண்டவே வேண்டாம், அது அழுக்க இன்னும் உள்ள தள்ளி அடைச்சு வச்சுடும். முடிஞ்ச உடனே ஒரு ட்ரீட் குடுங்க, அடுத்த வாரத்துக்கு அதுதான் முதலீடு.

நல்லா இருக்கற காதுக்கு வாரம் ஒரு தடவையோ ரெண்டு வாரத்துக்கு ஒரு தடவையோ போதும். தினமும் கழுவினா உள்ள ஈரம் காயவே காயாது, நாமளே வியாதிய வரவழைச்ச மாதிரி ஆயிடும். குளிப்பாட்டினாலும் தண்ணில நீந்திட்டு வந்தாலும் அன்னைக்கு காத கட்டாயம் காய வைக்கணும். காது மடலோட உள்பக்கம், ஓட்டைய சுத்தி இருக்கற முடிய ட்ரிம்மர்ல ஒட்ட வெட்டி விட்டா காத்து போகும், இந்த ஒரு விஷயமே பாதி பிரச்சனைய குறைக்கும். குழாய்க்குள்ள இருக்கற முடிய மட்டும் புடுங்காதீங்க, நல்ல காதுல புடுங்கினா தோல் வீங்கி இன்ஃபெக்ஷன் வர வழி ஆயிடும், தேவைன்னா டாக்டர் பாத்துக்கட்டும். சாப்பாட்டு கிண்ணம் குறுகலா ஆழமா இருந்தா காது வெளில விழும், சாப்பாட்டுல முங்கி நாறாது.

எப்போ வீட்டு வைத்தியத்த நிறுத்திட்டு டாக்டர்கிட்ட போகணும்னா, காப்பிப்பொடி கலர்லயோ மஞ்சளாவோ கசிவு வந்தா, தொட்டா கத்தினா இல்ல உறுமினா, தலைய ஒரு பக்கமா சாச்சு வச்சுக்கிட்டு நடந்தா, காது மடலே பலூன் மாதிரி உப்பி போச்சுன்னா. கடைசியா சொன்னது, வேகவேகமா உதறி உதறி உள்ள ரத்தக்குழாய் ஒடைஞ்சு ரத்தம் தேங்கறது, அந்த ரத்தத்த எடுத்தா மட்டும் பத்தாது, உதற வச்ச காரணத்தையும் பாக்கணும்.

இப்போ நான் பண்ண தப்ப சொல்றேன், நீங்க பண்ணக்கூடாதுன்னுதான். டாலிக்கு 2 வயசுல முதல் தடவ காதுல இன்ஃபெக்ஷன் வந்தப்போ டாக்டர் ஒரு சொட்டு மருந்து குடுத்தாரு, சரியாச்சு. பாட்டில்ல மிச்சம் இருந்துச்சு. மூணு மாசத்துல திரும்ப வந்துச்சு, அதே மருந்து தானேன்னு நானே விட்டேன், நாலு நாள்ல நாத்தம் போச்சு, நிறுத்திட்டேன். மறுபடி வந்துச்சு, மறுபடி விட்டேன். அந்த சமயத்துலதான் அவ குணமே மாறுச்சு. அக்கா பையன் பாசமா கட்டிப்புடிக்க போனான், உறுமிட்டா. சீப்பு எடுத்தா பல்ல காட்டினா. எல்லாரும் காக்கர்னாலே கோவம் வரும்னு சொன்னாங்க, நானும் நம்பிட்டேன். நாலாவது தடவ வேற ஒரு டாக்டர்கிட்ட போனப்போ, அவங்க ஆட்டோஸ்கோப் போட்டு உள்ள பாத்துட்டு, கசிவ எடுத்து மைக்ராஸ்கோப்புல பாத்துட்டு, கல்ச்சருக்கும், அதாவது என்ன கிருமின்னு லேப்ல வளத்து பாக்கறதுக்கும் அனுப்பினாங்க. சூடோமோனாஸ், சாதாரண ஆன்டிபயாடிக்குக்கு லேசுல மசியாத பாக்டீரியா. இடது காதுல செவிப்பறை ஓட்டை. சரியாக மாசக்கணக்குல ஆச்சு, அந்த காது இன்னைக்கும் சரியா கேக்காது. ஆனா வலி போன அடுத்த வாரமே பழைய டாலி திரும்ப வந்துட்டா, அந்த பையன் மடியில தலைய வச்சு தூங்கினா.

அதனால, பழைய பாட்டில் மருந்த எடுத்து விடாதீங்க. செவிப்பறை ஓட்டையா இருந்தா சில மருந்துகள் உள்காதுக்கு போய் காதையே செவிடாக்கிடும், அது ஓட்டையா இல்லையான்னு நமக்கு வெளில இருந்து தெரியவே தெரியாது. ஒவ்வொரு தடவையும் டாக்டர் உள்ள பாத்துட்டுதான் மருந்து. நாத்தம் போச்சுன்னு பாதில நிறுத்தாம, டாக்டர் திரும்ப பாத்து கிளியர்னு சொன்னப்புறம்தான் நிறுத்தணும். வருஷத்துல ரெண்டு மூணு தடவ திரும்பத் திரும்ப வருதுன்னா வேர் காதுல இல்ல, பெரும்பாலும் அலர்ஜில இருக்கும், அந்த மாதிரி நாய் பாதத்தையும் நக்கிக்கிட்டே இருக்கும், வயித்துப்பக்கம் சிவந்து இருக்கும். அப்போ அலர்ஜிக்கு டெஸ்ட்டும் வைத்தியமும் கேளுங்க. சாப்பாட்டு அலர்ஜியான்னு தெரிஞ்சுக்க குறைஞ்சது 8 வாரம் டாக்டர் சொல்ற டயட்ட மட்டும் குடுக்கணும், நடுவுல வேற ஒரு பிஸ்கட் கூட குடுக்கக்கூடாது, வீட்டுல எல்லாரும் ஒத்துழைக்கலன்னா அந்த 8 வாரம் வீண். வருஷக்கணக்குல கவனிக்காம விட்ட காது உள்ளயே தடிச்சு, சுண்ணாம்பு படிஞ்சு எலும்பு மாதிரி ஆகி, கடைசில காதுக்குழாய மொத்தமா எடுக்கற ஆபரேஷன் வரைக்கும் போகுது, அந்த ஆபரேஷனுக்கு வர்ற நாய்கள்ல காக்கர் ரொம்ப அதிகம். முளையிலயே கிள்ளினா அங்க போகவே தேவையில்ல.

கோவத்த பத்தி இன்னும் ஒரு வார்த்தை. காக்கர்ல ரேஜ் சிண்ட்ரோம்னு ஒண்ணு இருக்குன்னு நிறைய பேர் பயமுறுத்துவாங்க, திடீர்னு காரணமே இல்லாம வெறி வந்து கடிக்கறது. உண்மையிலயே அது ரொம்ப அபூர்வம். காரணம் இல்லாத கோவம்னு சொல்றதுக்கு முன்னாடி காது, பல்லு, இடுப்பு, கண்ணு இந்த நாலையும் டாக்டர் கைல காட்டுங்க. எங்க வீட்டுல நடந்தது இதுதான்.

கண்ணு

காலைல கண்ணு ஓரத்துல கொஞ்சமா பீளை இருக்கறது சகஜம். ஈரப்பஞ்சால மூக்குப்பக்கத்துல இருந்து வெளிப்பக்கமா தொடைச்சு விடுங்க, ஒரு கண்ணுக்கு ஒரு பஞ்சு. கவனிக்க வேண்டியது பீளையோட தன்மைய. கெட்டியா, பசை மாதிரி, பச்சையும் மஞ்சளுமா திரும்பத் திரும்ப ஒட்டிக்கிட்டு, கண்ணு பளபளப்பு இல்லாம மங்கலா இருந்துச்சுன்னா அது வெறும் இன்ஃபெக்ஷன் இல்லாம டிரை ஐ ஆ இருக்கலாம், கண்ணீர் சுரக்கறதே நின்னு போறது, இது காக்கருக்கு ரொம்ப சகஜம். டாக்டர்கிட்ட கண்ணீர் டெஸ்ட் பண்ண சொல்லுங்க. ஒரு சின்ன காகித பட்டைய கீழ் இமைக்குள்ள ஒரு நிமிஷம் வைப்பாங்க, 15 மில்லிமீட்டருக்கு மேல நனைஞ்சா நல்லது, 10க்கு கீழன்னா கண்ணீர் பத்தலைன்னு அர்த்தம். சைக்ளோஸ்போரின் மாதிரி கண் மருந்து தினமும் ஆயுசுக்கும் போடணும், போட்டா பெரும்பாலும் நல்லா இருக்கும், விட்டா கருவிழில கருப்பு படிஞ்சு பார்வை போயிடும்.

குட்டில கண்ணோட உள் ஓரத்துல திடீர்னு செர்ரி பழம் மாதிரி சிவப்பா ஒரு உருண்டை துருத்திக்கிட்டு வந்தா பயப்படாதீங்க, செர்ரி ஐன்னே பேரு, மூணாவது இமைல இருக்கற சுரப்பி எடம் மாறி வெளில வர்றது. அத வெட்டி எடுத்துடலாம்னு யாராவது சொன்னா ஒத்துக்காதீங்க. கண்ணீர்ல ஏறக்குறைய மூணுல ஒரு பங்காவது அந்த சுரப்பிதான் குடுக்குது, எடுத்துட்டா பின்னாடி டிரை ஐ வர வாய்ப்பு அதிகம், அதுவும் இந்த பிரீடுக்கு. உள்ள வச்சு தைக்கற ஆபரேஷன் இருக்கு, அது பண்றவங்கள தேடி போங்க.

சாயங்காலம் வெளிச்சம் மங்கினதும் படி எறங்க தயங்குதா, இருட்டு ரூமுக்கு போகாம வாசல்லயே நிக்குதா, கண்ணு பாப்பா எப்பவும் பெருசா விரிஞ்சு கண்ணு உள்ள இருந்து பச்சையா மினுங்குதா. மாலைக்கண் மாதிரி ஆரம்பிக்கற இது பிஆர்ஏ, விழித்திரை கொஞ்சம் கொஞ்சமா பட்டுப்போறது. வலி கெடையாது, வைத்தியமும் கெடையாது, இங்கிலீஷ் காக்கர்ல பெரும்பாலும் நடுவயசுலதான் வெளில தெரியும். பரம்பரையா வர்றது, அதோட ஜீனுக்கு டிஎன்ஏ டெஸ்ட் இருக்கு, அத கடைசில சொல்றேன்.

கண்ணுலயே அவசரம்னா கிளாக்கோமா. கண்ணுக்குள்ள பிரஷர் ஏறிப்போறது. வெள்ளப்பகுதி செக்கச்செவேல்னு, கருவிழி பால் ஊத்தின மாதிரி நீலம் பூத்து, கண்ண இடுக்கிக்கிட்டு, தலைய தொட விடாம மூலைல போய் படுத்துக்கும், சில நாய் வாந்தி கூட எடுக்கும். நாயோட கண் பிரஷர் 10ல இருந்து 25க்குள்ள இருக்கணும், இதுல அதுக்கு மேல எங்கயோ போயிடும், மணிக்கணக்குல பார்வை நரம்பு செத்துப்போகும். நாளைக்கு காலைல பாக்கலாம்னு விட்டா கண்ணு போச்சு. ராத்திரின்னாலும் கெளம்புங்க. வீட்டுல இருக்கற மனுஷ கண்ணு சொட்டு மருந்து எதையும் விடாதீங்க, ஸ்டீராய்டு இருக்கற மருந்து கண்ணுல புண்ணு இருந்தா ஓட்டை போட்டுடும்.

உதடு, தோல், பாதம்

பல்லெல்லாம் சுத்தமா இருக்கு ஆனாலும் வாய் நாறுதேன்னா கீழ் உதட்ட பாருங்க. கோரைப்பல்லுக்கு பின்னாடி உதடு மடிஞ்சு ஒரு பள்ளம் இருக்கும், அதுக்குள்ள எச்சிலும் சாப்பாடும் தேங்கி தோல் வெந்து போயிருக்கும், சுத்தி இருக்கற முடி பழுப்பா ஒட்டிக்கிட்டு இருக்கும். விரலால மடிப்ப விரிச்சு பாத்தாத்தான் தெரியும். அங்க இருக்கற முடிய ட்ரிம் பண்ணிட்டு, ஒவ்வொரு சாப்பாட்டுக்கு அப்புறமும் தொடைச்சு காய விடுங்க, சிவந்திருந்தா குளோர்ஹெக்சிடின்ங்கற கிருமிநாசினி வைப்ஸ்ல ஒரு வாரம் தொடைங்க. அடங்கலன்னா டாக்டர். பல்லு தனிக்கதை, வாரத்துல மூணு நாளாவது நாய்க்கான பேஸ்ட் போட்டு தேயுங்க, மனுஷ பேஸ்ட் கூடாது.

தோல்ல எண்ணெய் பிசுபிசுப்பு, பொடுகு, குளிப்பாட்டின மறுநாளே வாடைன்னா செபோரியா, இதுவும் காக்கர் பரம்பரைல ஓடறது. மருந்து ஷாம்பு போட்டா நுரைய உடனே கழுவாம 10 நிமிஷம் ஊற விடணும், இல்லன்னா போட்டும் போடாத மாதிரிதான். சில காக்கருக்கு வைட்டமின் ஏ குடுத்தா சரியாகற ஒரு வகை இருக்கு, அத கேள்விப்பட்டுட்டு நாமளா மாத்திரை வாங்கி குடுக்கக்கூடாது, அந்த வைட்டமின் உடம்புல தேங்கி விஷமாகும். ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி முடி கொட்டி, சாப்பாடு ஏத்தாமயே எடை ஏறி, சோந்து படுத்துட்டே இருந்தா தைராய்டு ரத்த டெஸ்ட் கேளுங்க.

புல்லு விதைய லேசா எடுத்துக்காதீங்க. இந்த நாய் உட்காக்னு ஒரு பறவைய புதருக்குள்ள இருந்து கெளப்பறதுக்காக வளத்த பிரீடு, காக்கர்னு பேரே அதுல இருந்து வந்ததுதான், அதனால புதர் கண்டா மூக்க நீட்டிட்டு உள்ள போயிடும். காதுலயும் பாதத்துலயும் தொங்கற அந்த பட்டு முடி வழில இருக்கற எல்லா விதையையும் வாரிக்கிட்டு வரும். ஊசி மாதிரி இருக்கற விதை முன்னாடி மட்டும்தான் போகும், பின்னாடி வராது. வாக்கிங் முடிஞ்சு வந்ததும் ஒவ்வொரு விரலிடுக்குலயும் விரல விட்டு தடவி பாருங்க, காது நுனி, அக்குள் எல்லாம். போகும்போது நல்லா இருந்த நாய் வரும்போது ஒரே பக்கமா தலைய வெறித்தனமா உதறினா காதுக்குள்ள விதை போயிருச்சுன்னு வச்சுக்கோங்க, கிளீனர் ஊத்தாதீங்க, அன்னைக்கே டாக்டர்கிட்ட தூக்கிட்டு போங்க.

எடை

இங்கிலீஷ் காக்கர்னா சுமாரா 13ல இருந்து 14.5 கிலோ. அமெரிக்கன் காக்கர் கொஞ்சம் சின்னது, தலை உருண்டையா மூக்கு குட்டையா முடி அடர்த்தியா இருக்கும், 1946லயே அமெரிக்க கென்னல் கிளப் ரெண்டையும் தனித்தனி பிரீடா பிரிச்சிருச்சு. எடை மெஷின்ல மட்டும் நம்பாம கைய வச்சு பாருங்க. உங்க கைய விரிச்சு பொறங்கைல இருக்கற எலும்ப இன்னொரு கையால தடவுங்க, விலா எலும்பு அப்படி தட்டுப்பட்டா சரி. உள்ளங்கைய தடவற மாதிரி மெத்துனு இருந்தா குண்டு. முஷ்டி மடக்கினா தெரியற விரல் கணு மாதிரி துருத்தினா ஒல்லி. முடி அடர்த்தியா இருக்கறதால கண்ணுக்கு எதுவுமே தெரியாது, கைக்குத்தான் தெரியும். இந்த நாய் பாக்கற பார்வைக்கு நாம உருகிடுவோம், அதான் ஆபத்து. சாப்பாட்ட தராசுல நிறுத்து வைங்க, ட்ரீட் மொத்த கலோரில 10 சதவீதத்துக்குள்ள. கூடுற ஒவ்வொரு கிலோவும் இடுப்பு, முட்டி, முதுகெலும்பு வட்டு எல்லாத்துக்கும் சுமை.

ஈறு, மூச்சு, தண்ணி: காத்திருக்க கூடாத விஷயங்கள்

நல்லா இருக்கும்போதே உங்க நாயோட ஈறு என்ன கலர்னு பாத்து பழகி வச்சுக்கோங்க. விரலால அமுக்கி விட்டா வெளுத்து ரெண்டு வினாடிக்குள்ள திரும்ப ரோஸ் ஆகணும். ஒரு நாள் ஈறு காகிதம் மாதிரி வெளுத்து இல்ல மஞ்சளா இருந்து, ஒண்ணுக்கு கருஞ்சிவப்பா போய், நடக்க தெம்பில்லாம படுத்துச்சுன்னா, உடம்பே தன்னோட சிவப்பணுக்கள எதிரின்னு நினைச்சு அழிக்கற வியாதியா இருக்கலாம். ஐஎம்எச்ஏன்னு சொல்லுவாங்க, காக்கருக்கு மத்த பிரீடவிட அதிகமா வர்றது, நடுவயசு பெண் நாய்கள்ல கூடுதலா பாக்கறாங்க. உண்ணி கடிச்சு வர்ற காய்ச்சல்லயும் இப்படி ஆகும். எதுன்னாலும் அன்னைக்கே ரத்தம் டெஸ்ட் பண்ணணும், ஒரு நாள் தள்ளினாலே உயிருக்கு ஆபத்து.

தூங்கும்போது நெஞ்சு ஏறி இறங்கறத ஒரு நிமிஷம் எண்ணுங்க, ஏறி இறங்கினா ஒண்ணு. 30க்குள்ள இருக்கணும். அடுத்தடுத்த நாள் 30க்கு மேலயே போச்சுன்னா, இல்ல ராத்திரி இருமல், கொஞ்ச தூரத்துலயே களைப்புன்னா இதயத்த பாக்கணும். காக்கர்ல, குறிப்பா அமெரிக்கன் காக்கர்ல, டாரின்ங்கற சத்து குறைஞ்சு இதயத்தசை விரிஞ்சு பலவீனமாகற வகை இருக்கு, நேரத்தோட கண்டுபிடிச்சு டாரினும் கார்னிடினும் டாக்டர் குடுத்தா நல்லா தேறின நாய்கள் உண்டு. அதனால டப்பா சாப்பாட்ட ஃபேஷனுக்காக மாத்திக்கிட்டே இருக்காதீங்க, எத மாத்தினாலும் டாக்டர்கிட்ட ஒரு வார்த்தை.

தண்ணி குடிக்கற அளவு. ஒரு நாளைக்கு கிலோவுக்கு 100 மில்லிக்கு மேல குடிச்சா அதிகம், 13 கிலோ நாய்க்கு 1.3 லிட்டர். சந்தேகம் வந்தா அளந்து ஊத்தி மறுநாள் மிச்சத்த அளந்து பாருங்க. 6 மாசத்துல இருந்து 2 வயசுக்குள்ள இருக்கற இங்கிலீஷ் காக்கர் நிறைய குடிச்சு, நிறைய ஒண்ணுக்கு போய், எடை ஏறாம, அடிக்கடி வாந்தி எடுத்தா பரம்பரை கிட்னி வியாதியா இருக்கலாம். கிட்னியோட வடிகட்டி சவ்வு பிறப்புலயே சரியா அமையாம புரோட்டீன் ஒழுகிப்போறது. குணமாக்க முடியாது, வந்துட்டா மனச கல்லாக்கிட்டு இருக்கற நாள நல்லா வச்சுக்கறதுதான். வயசான காக்கர் திடீர்னு நிறைய தண்ணி குடிச்சா கிட்னி, சர்க்கரை, லிவர் இதோட ஆசனவாய் பக்கத்துல கட்டி இருக்கான்னும் பாக்கணும். அங்க இருக்கற ரெண்டு சின்ன பைகள்ல வர்ற கேன்சர் இங்கிலீஷ் காக்கருக்கு மத்ததவிட அதிகம், அந்த கட்டி ரத்தத்துல கால்சியத்த ஏத்தி விடும், அதான் அந்த தாகம். வெளில தெரியறதுக்கு முன்னாடியே டாக்டர் கையுறை போட்டு விரலால தடவினா சின்னதுலயே மாட்டும், அதனால வருஷாந்திர ஊசிக்கு போகும்போது அந்த செக்கப்பையும் வாய் விட்டு கேளுங்க, நிறைய எடத்துல கேட்டாத்தான் பண்றாங்க. தரைல பின்பக்கத்த தேச்சுக்கிட்டு போனா பூச்சின்னு மாத்திரை மட்டும் குடுத்து விட்டுடாதீங்க.

எந்த வலிக்கும் நீங்களா பாராசிட்டமால், ஐபுப்ரோஃபென் குடுக்கவே கூடாது, உயிருக்கே ஆபத்தாகலாம். 

குட்டி வாங்க போறவங்களுக்கு

மேல சொன்னதுல பிஆர்ஏவும் அந்த கிட்னி வியாதியும் ரெண்டுமே அப்பா அம்மா ரெண்டு பேர்கிட்ட இருந்தும் கெட்ட ஜீன் வந்தாத்தான் வரும். ஒண்ணு மட்டும் இருந்தா அது கேரியர், பாக்க கல்லு மாதிரி இருக்கும், ஆயுசுக்கும் நோய் வராது, ஆனா ரெண்டு கேரியர சேத்துட்டா பொறக்கற ஒவ்வொரு குட்டிக்கும் 25 சதவீதம் நோய் வர வாய்ப்பு, 50 சதவீதம் கேரியர். அதனால அப்பா அம்மா ரெண்டும் ஆரோக்கியமா ஓடி விளையாடுது, சாம்பியன் வம்சம், பேப்பர் இருக்குன்னு காட்டினா பத்தாது. பெடிகிரி பேப்பர் வம்சத்த சொல்லும், ஜீன சொல்லாது. ரெண்டு நோய்க்கும் டிஎன்ஏ ரிசல்ட்ட காட்ட சொல்லுங்க, அப்பா அம்மால ஒண்ணாவது கிளியரா இருந்தா அந்த நோய் குட்டிக்கு வராது. கிளாக்கோமாவுக்கு இப்படி ஒரே டெஸ்ட்ல முடியாது, கண் டாக்டர் கண்ணோட வடிகால் கோணத்த லென்ஸ் வச்சு பாக்கணும், இடுப்புக்கு எக்ஸ்ரே. கேட்டா முகம் சுளிக்கறவங்ககிட்ட குட்டி எவ்ளோ அழகா இருந்தாலும் திரும்பி வந்துடுங்க. தாய் நாயோட காத தூக்கி மோந்து பாக்காம பணம் குடுக்காதீங்க, அந்த வீட்டுல நாய எப்படி வச்சிருக்காங்கன்னு அது சொல்லிடும்.

ஏற்கனவே வீட்டுல இருக்கற நாய்க்கு பிஆர்ஏ வந்துருச்சா, காதும் மந்தமாயிடுச்சா, மனச விட்டுடாதீங்க. மேசை நாற்காலிய எடம் மாத்தாதீங்க, தண்ணி கிண்ணம் என்னைக்கும் ஒரே எடத்துல, படிக்கட்டு வாசல்ல ஒரு சின்ன கேட், படி ஆரம்பிக்கற எடத்துல சொரசொரப்பா ஒரு மிதியடி போட்டுட்டா பாதம் பட்டதும் புரிஞ்சுக்கும். தூங்கும்போது திடீர்னு தொடாதீங்க, தரைய ரெண்டு தடவ தட்டுங்க, அதிர்வு போகும், இல்லன்னா மூக்குக்கிட்ட கைய நீட்டுங்க, வாசனைல எழுந்துக்கும். டாலிய நான் இப்போ அப்படித்தான் எழுப்பறேன், கண்ண தொறக்கறதுக்கு முன்னாடி வால் ஆட ஆரம்பிச்சுடும், நான் அப்படியே அந்த இடது காத தூக்கி ஒரு தடவ மோந்து பாத்துட்டுதான் மத்த வேலைக்கு போறேன்.